ரேடியோ கேட்டுக்கொண்டு நெய்த சேலை

பிள்ளைகளே, இந்தப் பொங்கலுக்கு இலையில் உட்கார்ந்தபடியே நீங்கள் மூன்று பேரும் ஒரு சண்டை போட்டீர்கள். காலேஜிலிருந்து வந்திருந்த பெரியவன், சினிமாப் பாட்டுதான் ஜனங்களைக் கெடுக்கிறது என்றான். கெட்டுப்போகிறவன் பாட்டு இல்லாவிட்டாலும் கெட்டுப்போவான் என்றாள் நடுவள். நீங்கள் இரண்டு பேரும் பேசுவது தமிழே இல்லை, பாதி இங்கிலீஷ் என்று சின்னவன் குறை சொல்லிவிட்டு ரசத்துக்குச் சோற்றைக் குழித்துக் காட்டினான். நடுவில் என்னையும் ஒரு வார்த்தை கேட்டீர்கள். நான் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன். பதில் இல்லாமல் எழுந்திருக்கவில்லை. எட்டாவது வரை படித்தவன் நான். வாயால் பேசினால் உங்கள் வேகத்துக்கு என்னால் ஓட முடியாது. அதனால் எழுதுகிறேன். இது நம் பிள்ளையார்பாளையம் வீட்டில், சின்னவன் தொட்டிலில் கிடந்த வருஷம் நடந்தது. பெரியவனுக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம்.

அந்த வருஷம்தான் நம் வீட்டுக்கு ரேடியோ வந்தது. நான் வாங்கியது இல்லை. அம்மாவின் தம்பி அப்போது பஸ் கண்டக்டர். மூன்றாவது பிள்ளை பிறந்ததற்குக் கொலுசு எடுத்துக்கொண்டு வருவான் என்று பார்த்தால், தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்து வந்தான். குழந்தைக்கு எதற்கடா இது என்று கேட்டேன். குழந்தைக்கு இல்லை, அக்காவுக்கு என்றான். அப்போது ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும்; போஸ்டாபீசில் அந்தப் புத்தகமும் அவனே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

நம் தறி தரையில் குழி தோண்டிப் போட்ட தறி என்பது உங்களுக்குத் தெரியும். குழிக்குள் காலை விட்டுக்கொண்டு நான் உட்காருவேன். சேலையின் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்த்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. கரையின் குறுக்கு இழையைச் சுமந்துபோகிற நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் வேண்டும். நம் வீட்டில் அந்த ஆள் அம்மா. கல்யாணமான மறு மாதம் அந்த இடத்தில் உட்கார்ந்தவள், பிள்ளை பெற்ற நாட்களைத் தவிர எழுந்ததில்லை. எதிரே சுவர். சுவரில் ஒரு காலண்டர். காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அவள் பார்த்தது அவ்வளவுதான்.

ரேடியோவை அந்தக் காலண்டர் ஆணியில் மாட்டினாள். முதல் வாரம் எனக்கு எரிச்சலாக இருந்தது. காலையில் பாட்டு, செய்தி, பிறகு நிலையத்தை மூடிவிடுவார்கள். மத்தியானம் மறுபடி பாட்டு, பெண்களுக்கான பேச்சு, பிறகு மறுபடி மூடல். சாயங்காலம் நாடகம். அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், செய்தி வாசிப்பவர் சொல்கிற சொல்லைப் பிடித்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்பாள். ஒரு நாள் நிவாரணம் என்றால் என்ன என்றாள். எனக்கும் தெரியாது. அறுந்த நூலைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். அடுத்த நாள் எங்கோ வெள்ளம் வந்த செய்தியைக் கேட்டு அவளே அர்த்தம் கண்டுபிடித்து எனக்குச் சொன்னாள்.

ரேடியோவை நிறுத்திவிடலாமா என்று நான் ஒரு தரம் கேட்டபோது அவள் சொன்னது இது:

"பத்து வருஷமா இந்தச் செவுருதான் எனக்கு ஊரு. இப்பதான் வேற ஊரும் இருக்குதுன்னு காதுல வுழுது. அத்த நிறுத்தணும்னா நிறுத்துங்க. ஆனா நீங்களே உங்க கையால நிறுத்துங்க."

நான் நிறுத்தவில்லை.

இப்போது தெருப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு அப்போது எழுபதுக்கு மேல் இருக்கும். தறியிலிருந்து அறுத்த சேலையைக் கடைக்குக் கொண்டுபோகும் முன் அவரிடம் ஒரு தரம் காட்டுவது நம் தெருவில் வழக்கம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலைத் துணிமேல் ஓட்டுவார். ஊடை என்கிற குறுக்கு இழையைப் பலகையால் அடித்து நெருக்குகிறோம் அல்லவா, அந்த அடி எங்கே ஓங்கி விழுந்தது, எங்கே தளர்ந்தது என்று விரலாலேயே சொல்லிவிடுவார். கண்ணுக்குத் தெரியாத தொய்வு அவர் விரலுக்குத் தெரியும். வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டிருந்தால்கூடச் சேலையில் கண்டுபிடித்துவிடுவார் என்று சொல்லிக்கொள்வார்கள்.

ரேடியோ வந்தபின் நெய்த முதல் சேலையை அவரிடம் எடுத்துப்போனேன். மூன்று இடத்தில் விரல் நின்றது. நான்காவது இடத்திலும் நின்றது. என் சேலையில் அதற்கு முன்னால் ஒரு இடத்தில் அவர் விரல் நின்றிருந்தால் அதிகம்.

"வூட்ல இன்னாபா புதுசா?" என்றார்.

என்ன புதிது என்று அவருக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். அவரே சொன்னார்: "பாட்டு போற வேகத்துக்குக் கையும் போவுது. பாட்டு ஓஞ்சா கையும் ஓயுது. துணியில பாட்டு எறங்கிக்கினு இருக்குது."

கேட்டதும் எனக்கே அது சரி என்று பட்டது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். அவர் விரல்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அன்று சாயங்காலமே பிள்ளையார் கோயில் முன்னால் தெரு கூடியது. நம் வீட்டு ரேடியோவுக்காக மட்டும் கூடவில்லை. இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் வாங்க நினைத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு நாலா பக்கமும் போனது. சினிமாப் பாட்டெல்லாம் காதலும் கண்ணீரும்தான், வயசுப் பெண்கள் இருக்கிற வீட்டில் அது எதற்கு என்றார் ஒருவர். கொடி பிடித்துக்கொண்டு மொழிப் போராட்டத்துக்குப் போய் வந்த வாலிபன் ஒருவன், ரேடியோ என்று சொல்வதே தப்பு, வானொலி என்று சொல்ல வேண்டும், அதில் இந்திப் பாட்டு வரும்போது மட்டும் மூட வேண்டும் என்றான். அப்படியென்றால் மீதி நேரம் திறந்து வைக்கலாமா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டதும் அவன் தடுமாறிவிட்டான். இந்த எதிர்வீட்டுக்காரர் எந்தச் சாவு வீட்டிலும் ஒரு சிரிப்பு மூட்டிவிட்டு வருகிறவர். ரேடியோவை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று முதலில் முடிவு பண்ணுங்கள், பேர் வைக்காத பிள்ளையை எப்படி விரட்டுவது என்றார்.

கடைசியில் ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு உண்மையான விஷயத்துக்கு வந்தார். மத்தியானப் பேச்சில் ஒரு டாக்டரம்மா வந்து, எத்தனை பிள்ளை பெற்றால் போதும், எப்படி நிறுத்துவது என்றெல்லாம் பேசுகிறார். மருமகளும் மாமனாரும் ஒரே கூடத்தில் தறி போட்டிருக்கிற வீட்டில் இதைக் கேட்டுக்கொண்டு எப்படி உட்காருவது? எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

முடிவு இப்படி ஆனது: தறி இருக்கிற கூடத்தில் ரேடியோ கூடாது. மீறி வைத்தால் அந்த வீட்டுப் பாவுக்குத் தெருவிலிருந்து ஆள் வராது.

இந்தக் கடைசி வார்த்தை எவ்வளவு கனம் என்று, தறியைவிட்டுப் படிப்புக்குப் போய்விட்ட உங்களுக்குத் தெரிந்திருக்காது. புதுப் பாவு, அதாவது சேலையின் நெடுக்கு இழைகள், தறியில் ஏறுவதற்கு முன் அதைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்ட வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். கூலிக்கு வருகிற வேலை இல்லை அது. இன்று உன் பாவுக்கு நான், நாளை என் பாவுக்கு நீ. ஆள் வராவிட்டால் பாவு இல்லை. பாவு இல்லாவிட்டால் தறி இல்லை.

தறியில் அப்போது மூன்று சேலைக்கான பாவு இருந்தது. ஒன்று அறுத்தாகிவிட்டது, இரண்டு பாக்கி. நான் எழுந்து, பாவு முடிகிற வரைக்கும் தவணை கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். பெரியவர் ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா விஷயத்தைச் சொல்லவில்லை. அதை அவள், கோயிலை ஒட்டிய நம் வாசலில் நின்றே கேட்டிருந்தாள். கொஞ்ச நேரம் தொட்டிலை ஆட்டினாள். பிறகு, "அவரு வெரலு தொய்வத்தான் சொல்லும். அந்த நேரத்துல பொட்டி பாடிச்சா, பேசிச்சா, சும்மா இருந்துச்சான்னு வெரலுக்கு எப்டித் தெரியும்?" என்றாள்.

அவளுக்கு அது ரேடியோவும் இல்லை, வானொலியும் இல்லை. பொட்டி.

இரண்டாவது சேலை ஆரம்பித்த அன்று காலையில் கழிவு நூல் சிலவற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாடா தள்ளுகிற கையாலேயே அவ்வப்போது அவள் பக்கத்துக் கரை ஓரத்தில் ஒரு சின்ன முடிச்சுப் போட்டாள். எதற்கு என்றேன். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றாள். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. பாட்டு ஆரம்பித்தால் சிவப்பு முடி. பேச்சு ஆரம்பித்தால் வெள்ளை. ரேடியோ மூடியிருந்தால் கறுப்பு. கணக்கு நோட்டு இல்லை, பென்சில் இல்லை. சேலை ஓரத்திலேயே ஒவ்வொரு நாளையும் எழுதிக்கொண்டு வந்தாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவர் விரல் சிவப்பு முடிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டால் எங்கள் வாயாலேயே எங்கள்மேல் தீர்ப்பு. இதெல்லாம் வேண்டாம், ரேடியோவை உன் தம்பிக்கே கொடுத்துவிடலாம் என்றேன். அவள் நாடாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பாட்டாலதான் கெட்டுதுன்னு நூலு சொல்லட்டும். நானே எடுத்துக்கினு போயி குடுத்துட்டு வரேன்" என்றாள்.

கவனமாக நெய்ய வேண்டும் என்று நினைத்து நெய்தேனா என்று நீங்கள் கேட்கலாம். நினைத்தேன். ஆனால் பதினைந்து நாள் ஒரு மனுஷன் நினைத்துக்கொண்டே இருக்க முடியாது. மூன்றாம் நாளிலேயே கை அதன் பழக்கத்துக்குப் போய்விட்டது.

சேலையை அறுத்த மறுநாள் காலை, கோயில் முன்னால் இரண்டு பாய் போட்டு அதை விரித்தோம். அம்மா முடி போட்ட ஓரத்தை மட்டும், நிறம் யாருக்கும் தெரியாதபடி வெள்ளைத் துணிக்குள் நெடுக மடித்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். பெண்கள் கூட்டத்துக்கு வருவது வழக்கம் இல்லை. ஆனால் அந்த ஓரத்தை வேறு யாரிடமும் கொடுக்க அவள் தயாராக இல்லை. பெரியவரிடம் அவளே சொன்னாள்: "மாமா, தொய்வு எங்கன்னு மட்டும் நீங்க சொல்லுங்க. எதனாலன்னு அப்புறம் பாத்துக்கலாம்."

பெரியவர் கண்ணை மூடினார். விரல் நின்ற இடத்திலெல்லாம் எதிர்வீட்டுக்காரர் ஒரு புளியங்கொட்டையை வைத்தார். முந்தானையிலிருந்து ஆரம்பித்து உடல் முடிகிற வரைக்கும் போனார். நடுவில் ஒரு இடத்தில் திரும்பி வந்து இன்னொரு தரம் தடவினார். எல்லாமாக ஐந்து கொட்டை. போன சேலையைவிட ஒன்று அதிகம். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

அம்மா ஓரத்து மடிப்பைப் பிரித்தாள். எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒரு தரம் சொன்னாள். பிறகு ஒவ்வொரு கொட்டையாகக் காட்டினாள். முதல் கொட்டைக்கு நேராகக் கறுப்பு. இரண்டாவதும் கறுப்பு. மூன்றாவது வெள்ளை. நான்காவது கறுப்பு. ஐந்தாவது வெள்ளை. அந்தச் சேலையின் பாதி ஓரம் சிவப்பு முடிக்குள் இருந்தது. ஒரு கொட்டைகூட அங்கே இல்லை.

எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். கறுப்பு எந்த நேரம் என்று கேட்டார்.

"மத்தியானம் பொட்டி மூடினப்புறம்" என்றாள் அம்மா. "கைப்புள்ள அழுது, பொறந்ததுலேந்து ராவுல இவருக்குத் தூக்கம் இல்ல. சோறு தின்னுட்டு வந்து குழியில உக்காந்தா கண்ணு சொக்கும். நான் நாடாவத் தள்ளிட்டு ஒக்காந்துக்கினு இருப்பேன், அடி வராது."

"அப்ப வெள்ளை?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். எது வந்தாலும் வரட்டும் என்று ஆகிவிட்டது எனக்கு. "அது டாக்டரம்மா பேசற நேரம். பேச்சு முடியற வரைக்கும் இவரு தலயத் தூக்கமாட்டாரு. கை எங்க தூக்கும்?"

தெருவே சிரித்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் தூங்குமூஞ்சி என்றும் வெட்கம் கெட்டவன் இல்லை என்றும் ஒரே நேரத்தில் பேர் வாங்கினேன். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் இன்னும் நாலு பேர் கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

பெரியவர் சிரிக்கவில்லை. சிவப்பு முடி இருக்கிற பக்கத்தைத் தன் பக்கமாக இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக, ஒரு முழம் ஒரு முழமாகத் தடவினார். முடித்துவிட்டுச் சொன்னார்:

"அடி ஒரே மாதிரி இருக்குது. எங்கியும் வெரலு நிக்கல. நான் சொன்னது தப்பு."

எழுபது வயசுக்கு மேல், ஒரு தெருவே பார்க்க, அந்த வார்த்தையைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்கு இன்றைக்குத்தான் நன்றாகப் புரிகிறது. அவர் அதோடு விடவில்லை. "உன் பாவு என்னிக்கு? நான் வரேன். அந்தப் பொட்டியும் தெருவுக்கு வரட்டும்" என்றார். டாக்டரம்மா பேச்சை மட்டும் நிறுத்திக்கொள்ளலாமா என்று யாரோ இழுத்தார்கள். பதில் ஆண்களிடமிருந்து வரவில்லை. பக்கத்து வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "அது ஒண்ணுதான் எங்களுக்கு ஒதவறது, அத்த வுட்டுட்டு மிச்சத்த நிறுத்துங்க" என்றது. யார் குரல் என்று எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நம் வீட்டில் பிள்ளைகள் மூன்றோடு நின்றது எப்படி என்று நீங்கள் இப்போது ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது சேலையும் முடிந்து புதுப் பாவு போட்ட அன்று, விடிகிற நேரத்தில் ரேடியோவை வேப்பமரக் கிளையில் மாட்டினோம். பன்னிரண்டு பேர் போதும், பத்தொன்பது பேர் வந்தார்கள். மீதிப் பேர் வெறுமனே நின்றார்கள். காலைப் பாட்டு ஆரம்பித்ததும் இரண்டு பக்கமும் கைகள் ஒரே சீராக இழை பிரித்தன. வானொலி வாலிபனும் வந்து கஞ்சி தெளித்தான். இந்திப் பாட்டு ஒன்று வந்தது. அவன் மூடச் சொல்லவில்லை. நாங்கள் அவனைப் பார்த்தோம், அவன் கஞ்சியைப் பார்த்தான். வெயில் ஏறுவதற்குள் பாவைச் சுருட்டிவிட்டோம். அந்த வருஷ முடிவுக்குள் தெருவில் ஏழு வீட்டில் ரேடியோ.

இப்போது உங்கள் சண்டைக்கு வருகிறேன். பாட்டு ஜனங்களை நல்லவர்களாக்கும் என்று அந்தச் சேலை சொல்லவில்லை. ஒரு சேலையை வைத்து அவ்வளவு பேசக்கூடாது. மட்டமான பாட்டு உண்டு, எனக்கும் பிடிக்காது. ஆனால் பெரியவனே, எது எதனால் கெட்டது என்று சொல்வதற்கு முன்னால் உன் அம்மா பதினைந்து நாள் முடி போட்டாள். உன் காலேஜில் யாராவது அவ்வளவு பொறுத்திருந்து பேசுகிறார்களா? சின்னவனே, தமிழ் கெடுகிறது என்று நீ கவலைப்படுவது நல்லதுதான். ரேடியோவைப் பொட்டி என்று சொன்னவள்தான் நிவாரணத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்தாள். சொல் எங்கிருந்து வந்தால் என்ன, அதைப் பிடித்துக்கொள்ள வீட்டுக்குள் ஒரு ஆள் ஆசையாகக் காத்திருக்க வேண்டும். அதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். நடுவளே, உனக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியது இல்லை. நீ உன் அம்மா மாதிரியே பேசுகிறாய்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை.

பாவு சுருட்டிய அன்று மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருந்தபோது சைக்கிளை எடுத்துக்கொண்டு போஸ்டாபீசுக்குப் போனேன். ஒரு கார்டு வாங்கினேன். நேயர்கள் கேட்ட பாட்டைப் போடும்போது ரேடியோவில் பேர்களைப் படிப்பார்கள் அல்லவா, அதற்கு எழுதலாம் என்று. சாய்வு மேஜையில் நின்று, கயிற்றில் கட்டியிருந்த பேனாவால் எழுதினேன். என்ன பாட்டு என்பதை எழுதிவிட்டேன். பேர் எழுத வந்தபோது கை நின்றது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவள் பேரை நான் ஒரு தரம்கூட எழுதியதில்லை. வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. இந்தாம்மா என்றுதான் கூப்பிடுவேன். முதலில் அவள் பேரை எழுதினேன். அதற்குக் கீழே என் பேரைச் சின்னதாக எழுதினேன். எழுத்து கோணலாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வாசலில் இருந்த சிவப்புப் பெட்டிக்குள் கார்டைப் போட்டேன். விழுந்த சத்தம் கேட்கவில்லை. விரலை உள்ளே விட்டு, அது நடுவில் மாட்டிக்கொள்ளவில்லை என்று தெரிந்த பிறகு சைக்கிளை எடுத்தேன்.